சிவப்பு வயர்

கொரோனா முடிந்து கல்லூரிகள் திறந்த வருஷம். திருச்சியில் ஒரு நாளிதழின் இணைப்புப் பக்கங்களுக்குப் பொறுப்பாக இருந்தேன். திருவானைக்காவலில் ஒரு மொட்டை மாடியில் நான்கு பேர் இசைக்குழு நடத்துவதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

நாற்பது வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் கிளம்பி, மூன்றே ஆல்பத்தில் உடைந்துபோன ஒரு ராக் குழுதான் அவர்களுக்கு உயிர். அதே இருண்ட பாணியில் தமிழில் பாட்டுக் கட்டினார்கள். குழுவை ஆரம்பித்தவர் பேஸ் கிட்டார் வாசிப்பவர், மெட்டுகளும் அவருடையவை. பகலில் மன்னார்புரத்தில் செல்போன் பழுதுபார்க்கும் வேலை. மற்ற மூவரின் கையும் தனக்குத் தெரியவேண்டும் என்று ஓரமாகவே நிற்பார். அவரிடமிருந்து ஒரு சிவப்பு வயர் பாடகரின் காலடியில் இருந்த ஆம்ப்ளிஃபயர் வரை ஓடும்.

"அந்த ஐரோப்பாக் குழு ஏன் உடைஞ்சுது?" என்று அவரிடம் கேட்டேன்.

"உங்க ஆளுங்களாலதாங்க. பத்திரிகையில பாடுறவர் படத்தை மட்டுமே போட்டாங்க. மத்தவங்க எத்தனை நாள் பொறுப்பாங்க?"

"கவலைப்படாதடா, உன் மூஞ்சிக்கு முழுப் பக்கம் உண்டு" என்றார் பாடகர். சிரித்தோம்.

கிளம்பும்போது பேஸ் கிட்டார்காரர் தணிந்த குரலில் சொன்னார்: "எங்கப்பா ஒரு வருஷமா எங்கிட்ட பேசறதில்லைங்க. பேப்பர்ல வந்தா பார்ப்பாரு."

மாடியில் நால்வரையும் எடுத்த படத்துக்குப் பக்கத்தில் நான்கு பத்தி அகலம் ஒதுக்கியிருந்தேன்; கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்து அது மூன்று பத்தியானது. வெட்டியது நான்தான். பாடகர் நடுவில் நன்றாக விழுந்திருந்தார். ஓரத்தில் இருந்தவர் போனார்.

மறுநாள் செல்போன் கடைக்குப் போனேன். அவர் கையிலிருந்த போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பா பேசிட்டாருங்க. 'வயர் இருக்குடா, நீ எங்க?'ன்னு கேட்டாரு."

விளம்பரம் வந்ததில் இடம் இல்லாமல் போய்விட்டது என்று மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க. இடம் இல்லைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார்.

அவர் அதன்பின் மாடி ஏறவில்லை. கட்டுரையைப் பார்த்துச் சென்னைக் குழு ஒன்று அழைக்க, பாடகர் போனார். மற்ற இருவரும் ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள்.

உண்மையில் இடம் இருந்தது. படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கியிருந்தால் நால்வரும் அடங்கியிருப்பார்கள். அது எனக்கு அப்போதே தெரியும். பாடகரின் முகம் பெரிதாகத் தெரியட்டும் என்றுதான் வெட்டினேன் என்று பேஸ் கிட்டார்காரரிடம் சொல்ல, இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு வாய் வரவில்லை.