விலக்குப் பட்டியல்

என் அக்காவைப் பற்றி எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும். எனக்கு வயிறு எரிகிறது.

அவள் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் வரிவிளம்பரம் டைப் அடிப்பவள். வாடகைக்கு வீடு, காணாமல் போன நாய்க்குட்டி, பழைய பீரோ விற்பனைக்கு. அதோடு சிறுவர் பக்கத்தில் வாராவாரம் வரும் புதிரும் அவள் கைவேலைதான். கலைத்துப் போட்ட எழுத்துகளைப் பிள்ளைகள் சேர்த்துச் சொல்லாக்க வேண்டும். புதிரின் கீழே தன் பெயரைச் சின்னதாகப் போடச் சொல்லிப் பல வருஷமாகக் கேட்டாள். அவள் வாய் திறந்து யாரிடமும் கேட்டது அது ஒன்றுதான். ஆசிரியர் ஒவ்வொரு தடவையும் "பாக்கலாம்மா" என்பார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

ஒரு வாரம் 'நகரம்' என்ற சொல்லைக் கலைத்துப் போட்டாள். பாதிப் பிள்ளைகள் 'நரகம்' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அதுவும் சரிதானே! ஆசிரியர் எல்லார் முன்னாலும் அவளை வறுத்தெடுத்தார். அன்று சாயங்காலமே அவள் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். இணையத்தில் கிடைத்த பெரிய சொற்பட்டியல் ஒன்றை இறக்கி, ஒரே எழுத்துகள் இடம் மாறி வரும் சொற்களைத் தேடிப் பிடிக்க ஸ்கிரிப்ட் என்கிற சின்ன கம்ப்யூட்டர் நிரல் ஒன்றை எழுதினாள். முதலில் அது 'கொ'வைக்கூட ககரம் தனி, கொம்பு தனி, கால் தனி என்று பிய்த்துப் போட்டது.

"என்னக்கா இது, கறிக்கடை மாதிரி வெட்டுது?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. எழுத்தை உடைக்காமல் எண்ண வைத்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்க வைத்தாள். அடுக்கிய பின் ஒரே மாதிரி நிற்பவை எல்லாம் ஒரே குடும்பம். குடும்பம் இல்லாமல் ஒற்றையாக நிற்கும் சொல்தான் புதிருக்குப் போகும்.

அந்தப் பட்டியலில் வசவுகளும் இருந்தன, உடற்குறையைச் சொல்லிக் கேலி பேசும் சொற்களும் இருந்தன. பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாதவற்றை அவள் தனியாக எழுதி, 'விலக்கு' என்று பெயர் வைத்து, ஸ்கிரிப்ட் அவற்றைத் தொடாதபடி செய்தாள்.

பிறகு ஆசிரியரின் மருமகன் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள வந்து சேர்ந்தான். ஸ்கிரிப்டைக் கேட்டான், கொடுத்தாள். "இனிமே புதிர நானே பாத்துக்கிறேன்" என்றான். விலக்கால் சொற்கள் வீணாகின்றன என்று அந்த வரியையும் பட்டியலையும் தூக்கிவிட்டான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மகராசன்.

சில வாரங்களில் 'டி, நொ, ண்' என்று புதிர் வந்தது. காலை விந்தி நடக்கும் ஒரு சிறுமியை வகுப்பே அந்தச் சொல்லால் கூப்பிட்டிருக்கிறது. சிறுமியின் அப்பா அலுவலகத்துக்கே வந்து கத்தினார். நானாக இருந்தால் மேசையைக் கவிழ்த்திருப்பேன்.

அடுத்த இதழில் அதே பக்கத்தில், கட்டம் கட்டி, 'வருந்துகிறோம்'. புதிர் தயாரித்தவரின் கவனக்குறைவாம். கீழே அக்காவின் பெயர், இனிஷியலோடு, கொட்டை எழுத்தில். அவள் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

"கிளம்புக்கா, போய் அந்த ஆசிரியர் சட்டையப் பிடிச்சுக் கேக்கலாம்" என்று குதித்தேன். அதற்குள் அந்த ஆளே போனில் வந்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அந்த விலக்குப் பட்டியல கொஞ்சம் அனுப்பிடும்மா. அடுத்த வாரமும் ஏதாவது அசிங்கமா வந்துடப்போகுது."

கேட்கிற வாயைப் பாருங்கள்! "அனுப்பாதக்கா, நாசமாப் போகட்டும்" என்று நான் கத்தியது அவருக்கும் கேட்டிருக்கும்.

"பிள்ளைங்க படிக்கிற பக்கம்டி" என்றாள் அக்கா. லேப்டாப்பைத் திறந்து, பட்டியலின் கடைசியில் எதையோ தட்டி, அனுப்பினாள்.

"அனுப்பிட்டேன் சார். புதுசா ஒண்ணு சேத்திருக்கேன். அத மட்டும் எடுத்துடாதீங்க."

"என்னம்மா அது?"

"என் பேரு சார்."