சுலோகம் வந்தது, பேச்சு வரவில்லை

அந்த வியாழக்கிழமை காலைக்கு என் டைரியில் மூன்று வரிகள் இருக்கின்றன. எழுந்தது 5.20. பூஜை 6.10 முதல் 6.44 வரை. பால்காரர் வரவில்லை. அதற்குக் கீழே உள்ளதை வரி என்று சொல்ல முடியாது. வலப்பக்கமாகச் சரிந்து தாளை விட்டு வெளியே போகும் ஒரு கோடு. பேனா கையிலிருந்து விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. நான் இன்னும் எழுதிக்கொண்டிருப்பதாகவே நினைத்திருக்கிறேன்.

என் கணவர் வந்து, "வசு, என்னாச்சு?" என்றார். "ஒன்றுமில்லை" என்று பதில் சொன்னேன். என் காதில் அது தெளிவாகத்தான் விழுந்தது. ஆனால் அவர் முகம் மாறிய விதத்தைப் பார்த்தபோது, வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ என்று புரிந்தது.

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனை பத்து நிமிடம். மூளையின் இடப்பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். அதனால் வலது கை தளர்ந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அஃபேசியா (மூளைப் பாதிப்பால் வரும் பேச்சிழப்பு, பிறர் பேசுவது ஓரளவு புரியும், நாம் சொல்ல நினைக்கும் சொல் வாய்க்கு வராது) என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆவணப் பிரிவில் வேலை. சொற்களைச் சரிபார்ப்பதே என் தொழில்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்குமாக இதை எழுதுகிறேன். அதனால் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது.

கல்யாணமாகி வந்தபோது, தினமும் காலையில் ஒரு சமஸ்கிருத ஸ்தோத்திரம் சொல்வது இந்த வீட்டின் வழக்கமாக இருந்தது. நானும் உட்கார்ந்தேன். புத்தகம் தமிழ் எழுத்தில் இருந்தது. நான்கு விதமான 'க' ஒலிக்கும் தமிழில் ஒரே எழுத்து என்பதால், எழுத்தின் தலையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சின்ன எண்கள் போட்டிருப்பார்கள். எனக்குப் பிடித்தது அந்த எண்கள்தான். ஒவ்வொன்றையும் பிசகாமல் சொல்லப் பழகினேன். பொருள் என்னவென்று ஒரு நாளும் கேட்டதில்லை. சில வருடங்களில் சனிக்கிழமைகளில் ஸ்தோத்திரம் சொல்லக் கூடும் கோஷ்டியில் முதலடி எடுத்துக் கொடுப்பவள் நானாகிவிட்டேன். நம்பித்தான் சொல்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் மாலை, வார்டில் என் கணவர் கட்டிலருகே உட்கார்ந்து ஸ்தோத்திரத்தை மெதுவாக ஆரம்பித்தார். மூன்றாவது சுலோகத்தில் வழக்கமாகத் தவறுகிற இடத்தில் தவறினார். என் வாய் அதைத் திருத்தியது. திருத்தியதோடு நிற்காமல் மேலே போயிற்று. ஐந்து நாளாக 'அ' என்றுகூடச் சொல்ல முடியாத வாய், ஒரு எழுத்துப் பிசகாமல் ஒன்பது சுலோகங்கள் சொன்னது. அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நர்ஸ் இருவர் வந்து கைகூப்பினார்கள்.

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. இதற்குத் தானியங்கிப் பேச்சு (யோசிக்காமல் பழக்கத்தால் வருவது) என்று பெயராம். எண்ணிக்கை, கிழமைகள், பாட்டு, வசவு எல்லாம் இப்படிச் சிலருக்கு மிஞ்சும். நாமாகச் சொல் தேடிப் பேசுவது வேறு வேலை. உடனே பேச்சுப் பயிற்சி தொடங்க வேண்டும், முதல் சில மாதங்கள் முக்கியம் என்றார்.

தமிழில் பயிற்சி தருபவர் கிடைப்பது எளிதாக இல்லை. கடைசியில், நான் வீடு திரும்பிய பிறகு, செல்வி வந்தாள். தாராவியில் பிறந்து வளர்ந்தவள், பெற்றோருக்குத் திருநெல்வேலிப் பக்கம். படங்களைக் காட்டிக் கேட்பாள். நான் விழிப்பேன். "அவசரப்படாதீங்கம்மா. வார்த்த எங்கயும் ஓடிறாது" என்பாள். மூன்று முறை வந்தாள்.

நான்காம் முறை வரவில்லை. கணவர் போனில் அவளிடம் பேசுவது கேட்டது. "ஒரு மாசம் கழிச்சுப் பார்ப்போம்மா. சமஸ்கிருதமே வரது, தமிழ் வராம எங்க போயிடும்?"

மறுநாள் முதல் தினமும் நான்கு மணிக்குக் கோஷ்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. ராஜி மாமி தலைமையில் ஆறு பேர். நான் சொல்லச் சொல்ல மாமி கண்ணைத் துடைத்துக்கொள்வாள். "பாத்தேளா, எல்லாத்தையும் மறந்துட்டா, அவனை மட்டும் மறக்கல. இதான் பக்தி." தொலைவில் உள்ள கல்யாண் ஊரிலிருந்துகூட ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது.

செல்வியைக் கூப்பிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறப்பேன். சுலோகம் வரும். கைகூப்புவார்கள். மூச்சு முட்டுகிறது, போதும் என்று சொல்லத் திறப்பேன். அடுத்த சுலோகம் வரும். பாத்ரூம் போக வேண்டியிருந்த ஒரு நாள் நான் சொன்னதைக் கேட்டு, "இன்னிக்கு என்ன உருக்கம்!" என்றாள் ஒரு மாமி. சிரிப்பு வந்தது. அது சொல் இல்லாமலே வந்தது. அன்று இரண்டாம் முறையாகப் புடவை மாற்ற வேண்டியதாயிற்று.

இப்படிப் பதினாறு நாட்கள் போயின. டாக்டர் முக்கியம் என்று சொன்ன நாட்கள்.

பதினேழாம் நாள், கோஷ்டி தொடங்கியதும் இடது கையால் என் வாயை மூடிக்கொண்டேன். ராஜி மாமி, "பாவம், அசதி" என்று கையை மெதுவாக விலக்கினாள். மறுபடி மூடினேன். மறுபடி விலக்கினாள். மூன்றாம் முறை பலமாக அழுத்திக்கொண்டேன். பல் உதட்டில் பட்டு ரத்தம் வந்தது. சத்தம் நின்றதும் கணவர் உள்ளிருந்து வந்தார்.

நான் மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைக் காட்டினேன். வாயைத் திறந்தேன். சுலோகம் வந்தது. மூடினேன். திரும்ப டம்ளரைக் காட்டினேன்.

"தண்ணியா? எங்க, தண்ணின்னு சொல்லு வசு."

சுலோகம் வந்தது.

"தண்ணி. த… தண்ணி."

அதற்கும் அடுத்த சுலோகம், ஒரு எண் பிசகாமல்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, இவளுக்கு ஒண்ணுமே வரலையே" என்றார். பிறகு ராஜி மாமிதான் டம்ளரை எடுத்து எனக்குக் குடிக்கக் கொடுத்தாள். "நாங்க வந்ததே தப்பாப் போயிடுத்தா?" என்று கேட்டாள். எல்லோரும் இருக்கும்போதே கணவர் செல்விக்குப் போன் செய்தார்.

திரும்பி வந்த செல்வி அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்தோத்திரத்தை ஒருமுறை முழுதாகக் கேட்டாள். "இதுக்கு என்ன அர்த்தம் சார்?"

"அது வந்து… பகவானோட மகிமை…"

"சரி, விடுங்க. ராகத்த மட்டும் வச்சிக்கிடுவோம். வார்த்தய மாத்திருவோம்."

என் இடது கையைத் தொடையில் தட்ட வைத்தாள். சுலோகத்தின் தாளத்திலேயே "தண்ணி வேணும்" என்று அவள் பாட, நான் தொடர வேண்டும். பத்தொன்பது நாள் சுலோகமே வந்தது. இருபதாம் நாள் "தண்ணி" வந்தது. புனேயிலிருந்து வந்திருந்த மகள் நித்யா, "அரே, அம்மா தண்ணி கேக்கறதே பூஜை மாதிரி இருக்கு. மணி அடிக்கவா?" என்றாள். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

உங்கள் வீட்டு நோயாளி பாடினாலோ ஜெபம் சொன்னாலோ சந்தோஷப்படுங்கள். அது ஒரு கைப்பிடி. ஆனால் அதைப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சீப்பைக் காட்டி, இது என்ன என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் பயிற்சியை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்.

எட்டு மாதங்களில் சிறிய வாக்கியங்கள் வந்தன. சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. மடித்த துணியை அலமாரியில் வைத்துக்கொண்டிருந்த கணவரிடம், தொடையில் தட்டித் தட்டிச் சொன்னேன்.

"எனக்கு… நம்பிக்கை… கிடையாது. எப்பவும்."

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"நம்பறவா உருகுவா, நடுவுல தப்பு விடுவா. நீ இத்தனை வருஷத்துல ஒரு தப்பு விட்டதில்லையே."

"அப்போ… ஏன்… செல்விய… நிறுத்தினேள்?"

வெகுநேரம் ஒரே சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். "குரல் உன்னோடதா இருந்தது வசு. அதுக்கு மேல நான் யோசிக்கல. யோசிக்கப் பயமா இருந்தது."

மன்னிக்கிறேன் என்ற சொல் அன்று வரவில்லை. தேடினேனா என்றும் தெரியவில்லை. பக்கத்தில் வந்து உட்காரும்படி கையைக் காட்டினேன்.

முன்பு என் உடம்பை நான் சொல்வதைச் செய்கிற ஒன்றாக நினைத்திருந்தேன். இப்போது அப்படி இல்லை. சில காலைகளில் பல் தேய்க்கும்போது சுலோகங்கள் தாமாக வருகின்றன. வாய் தன் வேலையைச் செய்கிறது. பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பதுபோல நான் கேட்கிறேன். இன்னும் பொருள் தெரியாது, நம்பிக்கையும் வரவில்லை. என்னிடம் வேறு எதுவும் மிஞ்சாதபோது மிஞ்சியது அதுதான் என்பதால், அதை வெறுக்கவும் முடியவில்லை. அது முடியும்வரை காத்திருந்துவிட்டு, பிறகு எனக்கு வேண்டிய சொல்லைத் தேடத் தொடங்குகிறேன்.

நேரத்தை நான் இப்போது மூச்சில் கணக்கிடுகிறேன். கணவர் பெயர் வாய்க்கு வர இரண்டு மூச்சு. நித்யாவுக்கு ஒன்று. இன்று காலை குளித்துவிட்டுக் கதவை ஒருக்களித்துத் திறந்தபோது அவர் வெளியே துண்டோடு நின்றுகொண்டிருந்தார். எனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நீட்டவில்லை. நான்கு மூச்சு ஆயிற்று. நீர் சொட்டிக்கொண்டிருந்தது. "துண்டு" என்றேன். கொடுத்தார்.