ஓட்டவா, விக்கவா?

ஹட்டனில் பெற்றோல் ஷெட்டில் வேலை செய்யும் சிவசாமியிடம் யாராவது வந்து, "கார் ரொம்பப் புகையுது, கெட்டி எண்ணெயா ஒரு டின் குடுங்க" என்று கேட்டால், டின்னை எடுப்பதற்கு முன் அவர் ஒரு கேள்வி கேட்பார்.

"ஓட்டவா, விக்கவா?"

சிலர் சிரிப்பார்கள். சிலருக்குக் கோபம் வரும். கூட வேலை செய்யும் செல்லசாமி, "அண்ணே, ஒங்க கேள்விக்குப் பயந்தே பாதிப் பேரு கொட்டகலையில எண்ணெ வாங்குறாங்க" என்பார். சிவசாமி மட்டும் சிரிப்பதில்லை. அதன் காரணம் பலருக்குத் தெரியாது.

தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் வெள்ளைக்காரப் பெரிய துரையின் கார் டிரைவராக இருந்தார். அது இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் கப்பலில் வந்த கறுப்புக் கார். மேடு ஏறி ஏறி இஞ்சினுக்குள் ரிங் தேய்ந்துபோயிருந்தது. ரிங் தேய்ந்தால் எண்ணெயும் பெற்றோலோடு சேர்ந்து எரியும், பின்னால் நீலப் புகை வரும். ஆனாலும் சிவசாமி அதற்கு முப்பதாம் நம்பர் எண்ணெயைத்தான் ஊற்றுவார். அது மெல்லிய எண்ணெய். புகையும், சீக்கிரம் குறையும். ஆனால் மார்கழிக் குளிரில்கூட ஸ்டார்ட் செய்தவுடன் இஞ்சின் முழுக்க ஓடிப் பரவும். ஐம்பதாம் நம்பர் புகையை அடக்கும். எங்கள் மலைக் குளிரில் அது உறைந்த நெய் மாதிரி அடியிலேயே கிடக்கும். மேலே ஏறுவதற்குள் இரும்போடு இரும்பு உரசிவிடும். அதனால் தினமும் காலையில் எண்ணெய்க் கம்பியை இழுத்து அளவு பார்த்து, குறைந்ததை ஊற்றி அந்தக் காரைக் காப்பாற்றி வந்தார்.

ஒரு நாள் நுவரெலியா கிளப்பிலிருந்து திரும்பும்போது துரை தனக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "சிவசாமி, நான் சீமைக்குப் போறான். இந்தக் கார் நீ எடு. ஒனக்குத்தான்."

பின் சீட்டில் இருந்த பெரிய கணக்கப்பிள்ளை இக்னேசியஸும் அதைக் கேட்டார்.

வரப்போகிற புதுத் துரைக்குச் சொந்த டிரைவர் இருந்தான். பங்களாவுக்குக் கீழே இருந்த டிரைவர் அறையும் அவனுக்குத்தான். கார் கிடைத்தால் தலவாக்கலை ஸ்டேஷனில் நிறுத்தி வாடகைக்கு ஹயர் ஓட்டலாம். கிடைக்காவிட்டால் தொழிலாளர் லயத்துக்குத் திரும்பி, மலையில் புல்வெட்ட வேண்டியதுதான்.

"எதுக்கும் இன்னொரு தடவ கேட்டுருங்களேன்" என்றாள் அவர் மனைவி காளியாயி.

"கிறுக்கு மாதிரி பேசாத. தொரை வாயால சொன்னதத் திரும்பக் கேட்டா, நம்பலன்னுல்ல ஆயிரும்?"

எங்கள் தோட்டங்களில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. துரை சொன்னால் சொன்னதுதான்.

பயணம் நெருங்கியபோது துரை அவரைக் கூப்பிட்டார். "பழைய எண்ணெய் எல்லாம் எறக்கு. கெட்டி எண்ணெய் போடு. புகை வரக் கூடாது."

"காலைக் குளிருக்கு அது ஏறாதுங்க தொரை."

"காலையில வேணாம். மத்தியானம் ஸ்டார்ட் பண்ணு. நல்லா சூடு பண்ணி வை."

கொடுக்கிற காரைக் குறையில்லாமல் கொடுக்க நினைக்கிறார் என்றே சிவசாமி எடுத்துக்கொண்டார். ஐம்பதாம் நம்பர் டின்னைப் பங்களாக் குசினி அடுப்போரம் வைத்து, எண்ணெய் இளகியதும் ஊற்றினார். சாவி கைக்கு வந்ததும் இதை இறக்கிவிட்டு மறுபடி முப்பதையே ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார். கோயிலுக்குப் போகும் முதல் ஓட்டத்தில் சக்கரத்துக்கு அடியில் வைப்பதற்குக் காளியாயி எலுமிச்சம்பழம் வாங்கி வந்தாள்.

மறுநாள் மத்தியானம் காரைத் துடைத்து, சூடாக்கி, வாசலில் நிறுத்தினார். துரை வெளியே வந்தார். அவரோடு இக்னேசியஸும் கண்டியிலிருந்து வந்த ஒரு முதலாளியும் வந்தார்கள். முதலாளி காரைச் சுற்றிப் பார்த்தார். இஞ்சினை ஓடவிடச் சொல்லி, வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக் குழாயின் வாயில் பிடித்தார். கைக்குட்டை கறுக்கவில்லை.

"எண்ணெய் குடிக்குமா தம்பி?" என்று சிவசாமியிடம் கேட்டார்.

துரை சிவசாமியைப் பார்த்தார். அந்த நொடியில்தான் கெட்டி எண்ணெய் எதற்கு, மத்தியானம் எதற்கு என்பதெல்லாம் சிவசாமிக்கு விளங்கியது. இக்னேசியஸ் தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல வண்டிங்க" என்றார் சிவசாமி. துரை முன்னால் நிற்கும்போது வேறு வார்த்தை சொல்லி அவர் நாக்குப் பழகியிருக்கவில்லை.

கார் போய்விட்டது. துரை அவர் தோளைத் தட்டி, தன் பழைய மழைக்கோட்டைக் கொடுத்து, "நீ நல்ல டிரைவர்" என்றார்.

"இதுல ஏறி உக்காந்து ஹயர் ஓட்டப் போறீங்களாக்கும்?" என்றாள் காளியாயி.

சிவசாமி இக்னேசியஸிடம் போய் நியாயம் கேட்டார். "தொரை என்ன சொன்னாரோ, எனக்குக் காது கொஞ்சம் மந்தம்பா" என்றார் அவர்.

"காலையில பேர் கூப்புடுற பெரட்டுல ஒரு ஆளு முணுமுணுத்தா மட்டும் ஒங்களுக்கு நல்லாக் கேக்குதேங்கய்யா" என்று சொல்லிவிட்டு சிவசாமி திரும்பினார். கொஞ்ச காலம் புல்வெட்டினார். பிறகு ஹட்டனுக்கு வந்துவிட்டார்.

ஒரு மழை நாளில் அந்தக் கறுப்புக் கார் ஷெட்டுக்குள் வந்தது. நீலப் புகையில் பின் கண்ணாடியே தெரியவில்லை. இறங்கிய முதலாளி அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீதானே நல்ல வண்டின்னு சொன்னவன்? அதுக்குத் துரைகிட்ட என்ன வாங்கினே?"

"ஒரு பழைய மழைக்கோட்டுங்க."

முதலாளி சிரிக்கவில்லை. சிவசாமி பொனட்டைத் திறந்து கம்பியை இழுத்துப் பார்த்தார். தார் போலக் கறுப்பாக, கெட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே இஞ்சின் தட்டும் சத்தம் கேட்டது. அவர் கண் கலங்கிவிட்டது.

"முப்பதுக்கு மாறிருங்க முதலாளி. புகையும், புகையட்டும். காசு சேர்ந்ததும் ரிங் மாத்திரலாம், வண்டி பொழச்சுக்கும்."

"இன்னொரு தடவை உன் பேச்சை நம்பச் சொல்றியா? கெட்டி எண்ணெயே குடு."

சிவசாமி டின்னை எடுத்தார். எடுத்த கை நின்றது. "ஓட்டவா, விக்கவா?" என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

"விக்கத்தான். நாளைக்கு மத்தியானம் ஒருத்தர் பார்க்க வர்றார்."

சிவசாமி டின்னைக் கீழே வைத்தார்.

"செல்லசாமி, இதுக்கு நீ வந்து ஊத்துப்பா" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார்.