ஹீரோவின் முடியும் நான் சொன்ன ஓகேயும்

பதினோராம் வகுப்பில் நான் ஒரு குறும்படம் இயக்கினேன். இயக்கினேன் என்பது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட கௌரவம். உண்மையில் நடந்தது என்னவென்றால், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் தூத்துக்குடிக் கடற்கரையில் நின்றுகொண்டு "ஆக்‌ஷன்" என்றும் "கட்" என்றும் கத்தினேன். இரண்டுக்கும் நடுவில் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை.

மாவட்டப் போட்டிக்குப் பள்ளிக்கு ஒரு படம், ஐந்து நிமிடம், போனிலேயே எடுக்கலாம் என்று தமிழ் ஐயா வகுப்பில் சொன்னார். அன்று சாயங்காலமே கதை தயார். ஏழைப் பையன் ஒருவன் கடலில் மூழ்கி முத்து எடுக்கிறான். கரைக்கு வந்து, காத்திருக்கும் அம்மாவிடம் சிப்பியைத் திறந்து காட்டி, "அம்மா, நம்ம கஷ்டமெல்லாம் தீந்துட்டு" என்கிறான். அவ்வளவுதான். எங்கள் ஊரில் ரயிலிலிருந்து சலூன் வரை முத்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முத்தைத்தான் எங்களில் ஒருவனும் நேரில் பார்த்ததில்லை. கேமராமேனாகச் சேர்ந்த என் கூட்டாளி தன் அக்காளின் வளையலிலிருந்து ஒரு வெள்ளைப் பாசிமணியைப் பிய்த்துக்கொண்டு வந்தான். அதைச் சிப்பிக்குள் வைத்து மூடினோம். போனும் அதே அக்காளுடையதுதான் என்பதால் அவனைக் கேமராமேன் பதவியிலிருந்து நீக்க வழியில்லை.

முதலில் ஹீரோவும் நானாகத்தான் இருந்தேன். சோதனைக்கு ஒரு ஷாட் எடுத்தபோது அந்தப் போன் என் முகத்தை முகமென்று ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டின் மூஞ்சியில் மஞ்சள் கட்டம் போட்டது.

"ஆட்ட நல்லாத் தெளிவா காட்டுதுலே" என்றான் கேமராமேன்.

அப்போதுதான் எங்கள் மூன்றாவது கூட்டாளி, கேட்காமலே, "நான் நடிக்கேன்" என்று முன்னால் வந்தான். அவனுக்கு முடி உண்டு. எங்களுக்கும் உண்டுதான், ஆனால் அவனுடையது வேறு. நெற்றியில் விழும், கண்ணை மறைக்கும், காதை மூடும், தலையை ஒரு வெட்டு வெட்டினால் பறந்து போய் மறுபடி அதே இடத்தில் வந்து உட்காரும். ஆண்கள் பள்ளி என்பதால் அம்மா வேடத்துக்கு ஆள் இல்லை. ஆடு ஒத்துக்கொள்ளாது என்பதால் அந்த வேடம் எனக்கு வந்தது.

ஹீரோ ஒரு நிபந்தனை மட்டும் போட்டான். "எங்கம்மாட்ட நீ வந்து ஒரு வார்த்த பேசணும்."

விஷயம் இதுதான். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் மகன் தேறினால், ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் இருக்கும் தன் பிறந்த ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் அவனுக்கு மொட்டை போடுவதாக அவன் அம்மா நேர்ந்திருந்தார். அவன் முப்பத்தாறு மதிப்பெண் வாங்கித் தேறிவிட்டான். ஆவணிக் கடைசிச் செவ்வாய் கொடை. நான் போய் அவர் அடுக்களை வாசலில் நின்று பேசினேன்.

"எய்யா, மொட்டைக்கும் படத்துக்கும் என்ன சம்மந்தம்?"

"கன்டினியூட்டிம்மா." அந்த வாரம்தான் யூடியூபில் அந்தச் சொல்லைப் படித்திருந்தேன்.

"அப்படின்னா?"

"கடலுக்குள்ள போகும்போது தலையில முடி இருந்தா, வெளிய வரும்போதும் இருக்கணும்."

"கடலுக்குள்ள போனா முடி எங்கய்யா போகும்?"

இதற்கு யூடியூபில் பதில் இல்லை. நான் விழித்ததைப் பார்த்து அவரே இரங்கினார். "சரி, பள்ளிக்கூடத்துக் காரியம். எடுங்க. ஆனா கொடைக்குள்ள முடிச்சிருங்க. முடியலன்னா அடுத்த வருசக் கொடைக்குத்தான். அம்மன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

முதல் ஞாயிறு. ஹீரோ இடுப்பளவுத் தண்ணீரில் முங்கி எழுந்து, சிப்பியோடு வந்து, சேலை கட்டி நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தான். பத்து முறை எடுத்தோம், பத்து முறையும் சிரித்தான். நியாயம்தான். எனக்கு அப்போது மீசை அரும்பிக்கொண்டிருந்தது.

இரண்டாம் ஞாயிறு அவன் சிரிக்கவில்லை. வசனத்தை மறந்தான். நாலே நாலு சொல். சொல்லப் போகும் நேரத்தில் நிறுத்தி, கடலைத் திரும்பிப் பார்த்து, கவலையோடு சொன்னான்: "டைரக்டர் சார், போன வாரம் பின்னால செவப்புக் கப்பல் நின்னுச்சு. இன்னைக்கு நீலக் கப்பலுல்லா நிக்கி. கன்டினியூட்டி போச்சே."

என்னை ஒருவன் சார் என்கிறான், அதுவும் மீன் வாங்கிக்கொண்டு போன ஓர் அக்கா காதில் விழும்படி. அடடா, எத்தனை பெரிய கலைஞன் என்று உருகிப்போனேன். துறைமுகத்துக்குச் சிவப்புக் கப்பல் திரும்பி வரட்டும் என்று பேக்கப் சொன்னேன். அது எந்த நாட்டுக்குப் போயிற்றோ.

மூன்றாம் ஞாயிறு வெளிச்சம் சரியில்லை என்றான். உச்சி வெயில். கேமராமேனுக்குக் கண் திறக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் ஹீரோ என்னைத் தனியாகப் பொரிச்ச பரோட்டா சாப்பிடக் கூட்டிப் போனான். மூன்றாவது பரோட்டாவில் உண்மையைச் சொன்னான்.

"ஏலே, எனக்கு நடிக்கவே பிடிக்காது. அடுத்த செவ்வா தாண்டிட்டுன்னா ஒரு வருசத்துக்கு என் முடி தப்பிச்சிரும். நீ மட்டும் ஓகே சொல்லாம இரி. புதன்கிழம நான் ஒரே டேக்குல பேசித் தாரேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நாலாவது பரோட்டா வந்தது. போட்டிக்குப் படம் அனுப்பக் கொடை முடிந்து வரும் வெள்ளிக்கிழமை வரை நாள் இருந்தது. ஆகையால் கலைக்கு நஷ்டமில்லை என்று மனசாட்சியிடம் பேசி முடித்தேன்.

இதற்கிடையில் அவன் அம்மாவும் என்னைக் கவனித்துவந்தார். படம் வேகமாக முடிய வேண்டுமே என்று பள்ளி விட்டதும் கூப்பிட்டு, சீலா மீன் குழம்போடு சோறு போடுவார். கொடைக்குப் பந்தக்கால் நாட்டி விரதம் தொடங்கியதும் அந்த வீட்டில் மீன் நின்றது; உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வந்தன. நாலு மணிக்கு அம்மா கட்சி, ஏழு மணிக்கு மகன் கட்சி. அந்த ஒரு வாரத்தில், படத்துக்கு நான் கட்டும் சேலையின் கொசுவத்தில் இரண்டு மடிப்பு குறைந்தது.

கொடைக்கு முந்தின ஞாயிறு. வழக்கம்போல எதையும் எடுக்காமல் படப்பிடிப்பு நடத்திக்கொண்டிருந்தோம். ஆட்டோ ஒன்று மணலோரம் வந்து நின்றது. ஹீரோவின் அம்மா இறங்கினார்.

நேராக என்னிடம் வந்தார். "இது யாரு?"

"நாந்தாம்மா. டைரக்டரு."

மேலும் கீழும் பார்த்தார். "முந்தானைய யாராவது வலப்பக்கம் போடுவாளா? மீசையாவது வழிச்சிருக்கக் கூடாதா? இந்த மூஞ்சியப் பாத்து எவனுக்குய்யா அம்மான்னு வாய் வரும்? எம்பிள்ள பேசாம நிக்கதுல தப்பே இல்ல. தள்ளு. நான் நிக்கேன்."

நான் தள்ளினேன். கேமராமேன் என்னைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் "ஆக்‌ஷன்" என்றேன்.

ஹீரோ தண்ணீரிலிருந்து எழுந்து வந்தான். முடியெல்லாம் முகத்தில் ஒட்டிக்கிடந்தது. எனக்குப் பதில் சொந்த அம்மா நிற்பதைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

"சொல்லுலே" என்றார் அவர். "நாலு வாரமா இந்த நாலு வார்த்ததான் பாக்கின்னு ஒங்க டைரக்டரு சொன்னானே."

அவன் சிப்பியை நீட்டினான். "அம்மா..." என்றான். உதடு கோணியது. "அம்மா, மொட்ட வேண்டாம்மா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது படத்துல உள்ளதா?"

நான் கட் சொல்லவில்லை. கேமராமேனும் போனை இறக்கவில்லை.

"ஆறாப்புல மொட்ட போட்டியேம்மா. ரெண்டு வருசம் என்னக் கைப்பிடிச் சட்டின்னானுவ. போறவன் வாறவன் எல்லாம் ரெண்டு காதையும் பிடிச்சி அடுப்புலேருந்து எறக்குத மாதிரி தூக்குவான். உங்கிட்டச் சொல்லல. ஒண்ணுக்குப் போற இடத்துல நின்னு அழுவேன். அதுக்குப் பொறவுதாம்மா காது மறைய முடி வளத்தேன்."

"எவன்லே அந்தப் பேர வச்சவன்?"

அவன் சிப்பிக் கையால் என்னைக் காட்டினான்.

நான் அந்தச் சேலையோடு நின்றேன். ஆம், நான்தான். வகுப்பே சிரித்தது என்பதால் ஒரு வாரம் பெருமையாகத் திரிந்ததும், பிறகு மறந்துபோனதும் அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. அவன் மறக்கவில்லை. நாலு பரோட்டா வாங்கித் தந்தபோதுகூட என் முகத்துக்கு நேராக அதைச் சொல்லவுமில்லை.

அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. மகன் நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "கணக்குப் பரிச்சைக்கு முந்துன நாளு பச்சத்தண்ணி குடிக்காம அழுதுகிட்டுக் கெடந்தியே. அம்மன விட்டா நான் வேற யாருட்டய்யா போய்ச் சொல்லுவேன்?" என்றார்.

அவன் அப்படியே அவர் தோளில் சாய்ந்துவிட்டான். கையிலிருந்து சிப்பி விழுந்து திறந்தது. பாசி உருண்டு அலையோடு போனது. அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாகச் சங்கு ஊதியது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். ஆனால் என் வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஆக்‌ஷனுக்கும் கட்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. முந்தானை பறக்கத் துள்ளிக் குதித்தேன்.

"கட்! ஓகே! சூப்பர்! படம் முடிஞ்சிட்டு!"

ஹீரோ அம்மாவின் தோளிலிருந்து மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். கேமராமேன், "எலே, ஒன் வாயில மண்ண அள்ளிப் போட" என்றான் மெல்ல.

"முடிஞ்சிட்டா?" என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நெசமாவா?"

"இல்லம்மா... செவப்புக் கப்பலு..."

"முடிஞ்சிட்டுன்னு நீதானய்யா சொன்ன." மகனைப் பார்த்தார். அவன் ஈர முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினான். "போடுதேம்மா" என்றான். பரீட்சைக்கு முந்தின நாள் பேச்சு அவனை அசைத்துவிட்டது என்று நினைக்கிறேன். அல்லது, என்னை நம்பிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலைப் பஸ்ஸில் கொடைக்குப் போனோம். கோயிலில் வில்லுப்பாட்டு மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தது. வாய்க்கால் கரையில் நாவிதர் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். ஹீரோ பலகைக்கு முன்னால் நின்று, என்னைப் பார்த்து, "மொதல்ல நீ உக்காருலே" என்றான்.

"நானா? எனக்குக் கன்டினியூட்டி..."

"ஒனக்குத்தான் இப்போ படத்துல சீனே இல்லையே" என்றான் கேமராமேன்.

அது உண்மை. நாலு வாரம் அம்மாவாக உழைத்ததில் ஒரு நொடிகூடப் படத்தில் மிச்சமில்லை. உட்கார்ந்தேன். பாதித் தலையில் நாவிதர் கத்தியை நிறுத்தினார். "தம்பி, ஒன் மண்டையில என்ன இங்கன பெரிய பள்ளமா கெடக்கு? கத்தி எறங்கி ஏறுது."

மறுநாள் ஹீரோ பள்ளிக்கு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தன் அப்பாவின் மஞ்சள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். முதல் பாடவேளையில் தமிழ் ஐயா சொல்லியும் கழற்றவில்லை. நான் முன்வரிசையில் வெறுந்தலையோடு உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து ஒருவன் என் பள்ளத்தில் ரப்பரை வைத்துப் பார்த்தான். விழவில்லை. அடுத்தவன் சாக்பீஸ் வைத்தான். மூன்றாமவன் காலைச் சாப்பாட்டிலிருந்து அவித்த முட்டையை எடுத்து வந்தான். அதுவும் கச்சிதமாக உட்கார்ந்தது. வகுப்பு முழுக்க எழுந்து வந்து என் தலையைச் சுற்றி நின்றது. தமிழ் ஐயாவும் எட்டிப் பார்த்தார்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஹெல்மெட் இல்லாத இன்னொரு மொட்டைத் தலையும் இருந்தது. எப்போது கழற்றினான் என்று யாரும் கவனிக்கவில்லை. இரண்டு காதும் வெளியே நிற்க, முட்டையை நன்றாகக் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, நிதானமாக எனக்கு ஒரு பெயர் வைத்தான். ஒரே டேக்கில் சொன்னான். வகுப்பு அதிர்ந்தது. பொருத்தமான பெயர்தான், அதை இங்கே எழுதுவதாக இல்லை.