கழுத்தில் தொங்கும் பூட்ஸ்

மீன் முட்டையிட வேண்டும் என்பதற்காக ஊருக்கே கரண்ட்டை நிறுத்தியவள் அவள் என்று முடி வெட்டுபவர் சொன்னார். அவருக்கு அவருடைய மைத்துனர் சொன்னாராம். “சும்மா இல்ல சார், அவ போன் போட்டா அணையே நடுங்கும்.”

எனக்குத் தெரிந்து நடுங்குவது அவள் மட்டும்தான். நான் வேலைக்குப் போகும்போது ஆற்று நடைபாலத்திலிருந்து தினமும் பார்க்கிறேன். பாவாடையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு, கூழாங்கற்களுக்கு நடுவே பூனை மாதிரி கால் வைத்து நடப்பாள். மீன் முட்டைக்குக் காவலாக அவளை வைத்திருக்கும் மீன்வளத் துறை கொடுத்த ரப்பர் பூட்ஸ் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கும். அதைக் காலில் மாட்டினால் முட்டை நசுங்குவது தெரியாது என்று பயம்.

“மாட்டலைன்னா மேலதிகாரி திட்டுவாரே?”

“உடம்புல இருக்கான்னுதானே பாப்பாரு? இருக்கு.”

மேலே ஓர் அணை, கீழே ஓர் அணை. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சியிருக்கும் துண்டு ஆற்றில், இந்த ஒரு கூழாங்கல் திட்டில்தான் மஞ்சள் வால் கெண்டை இன்னும் முட்டையிடுகிறது. மற்ற இடமெல்லாம் சேறு. முட்டை கடுகு போலக் கல்லிடுக்கில் ஒட்டியிருக்கும். குஞ்சு பொரிக்கும்வரை மேலே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் எடுத்து முடித்து மேல் அணையின் இயந்திரங்களை நிறுத்தினால் ஆறு வற்றிவிடும். அப்போது சின்ன மதகைத் திறந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. திறக்க வேண்டியவர் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் அவளுடைய அக்கா புருஷன்.

அதனால்தான் போன். மேகம் மறைத்துத் தண்ணீரின் நிறம் மாறினாலும் அடித்துவிடுவாள்.

“அத்தான், தண்ணி இறங்குற மாதிரி இருக்கு.”

“நீ மேட்டுக் கல்லுல ஏறி நின்னிருப்ப. இறங்கிப் பாரு.”

இறங்கிப் பார்ப்பாள். சரியாகத்தான் இருக்கும். நாக்கைக் கடித்துக்கொள்வாள். மறுநாள் அவர் முந்திக்கொள்வார்: “சொல்லு கொழுந்தியா, இன்னைக்கு யாருக்கு இடுப்பு வலி?”

கரண்ட் போன கதை வேறு. அன்று கம்பியில் மரம் விழுந்தது. ஆனால் அதே நேரத்தில், இவள் அழுதாளென்று அத்தான் தன் மேலதிகாரியைக் கேட்காமல் மதகைக் கூடுதலாகத் திறந்திருந்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டு ஊர் பேசியது. அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அக்கா வீட்டு வாசலிலேயே நிறுத்திக் கேட்டாளாம்: “உன் மீனு பெத்துப் பொழைக்க என் புருஷன் வேலை போகணுமாடி?” அதற்குப் பிறகு இவள் அந்த வீட்டுப் பக்கம் போவதில்லை. போன் மட்டும் ஓயவில்லை.

இன்று காலை பாலத்தில் கால் வைத்ததும் ஏதோ குறைந்தது. அணைப் பக்கமிருந்து எப்போதும் கேட்கும் உறுமல் இல்லை. கீழே, கரையோரக் கற்கள் ஈரம் காய்ந்து வெளுக்கத் தொடங்கியிருந்தன. அவள் போனைக் காதில் அழுத்தியபடி நின்றாள். என்னைக் கண்டதும் கத்தினாள்.

“சார்! மதகு திறக்கவே இல்ல. அத்தான் எடுக்க மாட்டேங்கிறாரு. என் நம்பரைப் பாத்தாலே சத்தத்தை அமத்தி வெச்சிடுறாரு போல. உங்க போன்ல அடிங்க, புது நம்பர்னா எடுப்பாரு!”

எண்ணைச் சொன்னாள். அழுத்தினேன். அணை, வளைவைத் தாண்டி மலைமேல் இருக்கிறது. ஓடிப்போய்ச் சேர்வதற்குள் திட்டு முழுக்கக் காய்ந்துவிடும்.

மணி அடித்தது.

“அடிக்குதா?”

“அடிக்குது.”

“எடுத்தா, நான்னு சொல்லாதீங்க. தண்ணினு மட்டும் சொல்லுங்க.”

வெளுப்பு கரையிலிருந்து உள்ளே நகர்ந்தது. அவளுடைய கணுக்காலை மூடியிருந்த தண்ணீர் பாதத்துக்கு இறங்கியது. முதல் அழைப்பு தானாகவே அறுந்தது, மறுபடி அழுத்தினேன். அவள் என்னைப் பார்ப்பதை விட்டாள். கழுத்துக் கயிற்றைத் தலைவழியே கழற்றி, பூட்ஸ் இரண்டையும் நடு ஓடையில் முக்கி நிரப்பி, சிந்தாமல் நெஞ்சோடு அணைத்து வந்து, வெளுத்த கற்களின் மேல் மெல்லச் சாய்த்தாள். திரும்பவும் ஓடைக்குப் போனாள்.

என் காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.