தண்ணீருக்கும் பதினாறாம் வகை

டாக்டரம்மா ஆரோக்கியமான பெண்களின் மாதிரிகள் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டபோது முதல் ஆளாகக் கையைத் தூக்கியவள் நான்தான். முந்திரிக்கொட்டைத்தனம் எனக்குப் பிறவிக் குணம்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பட்டர்வொர்த்துக்கு எதிரே தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுனில் ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். கர்ப்பப்பை வாயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பாப்பிலோமா வைரஸைக் கண்டுபிடிக்க இரண்டு முறைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். பழைய முறையில், மாதிரியை ஒரு தாளில் பொட்டுப் பொட்டாக வைத்து, ஒவ்வொரு வகைக்கும் உரிய டி.என்.ஏ. துணுக்கை ஒட்டவிட்டு, பொட்டு கறுக்கிறதா என்று பார்ப்போம். வைரஸ் நிறைய இருந்தால்தான் கறுக்கும். புதிய முறையான பி.சி.ஆர்., துளி வைரஸ் இருந்தாலும் அதன் டி.என்.ஏ.வைக் கோடிக்கணக்கில் நகலெடுத்துவிடும். அதை ஜெல் என்ற கூழ்த்தகட்டில் ஓட்டிப் புற ஊதா வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு கோடு பளிச்சென்று தெரியும். பிறகு அது எந்த வகை என்று பிரிப்போம். பதினாறாம் வகை என்று வந்தால் எங்களுக்கே பயம். புற்றுநோயோடு அதிகம் சேர்ந்து வருவது அதுதான்.

என் மாதிரியில் கோடு தெரிந்தது. பதினாறாம் வகை.

பழைய முறையில் என் பொட்டு வெள்ளையாகவே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தொங்கப் பார்த்தேன். டாக்டரம்மா சீனப் பெண்மணி, பொய் ஆறுதல் சொல்லத் தெரியாதவர். புதிய முறை கூர்மையானது, பழையது தவறவிட்டிருக்கலாம், எதற்கும் மறுபடி பார்ப்போம் என்றார். ஒவ்வொரு தடவையும் ஒரு குழாயில் வெறும் தண்ணீரை வைப்போம். அதில் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் எங்கோ கலப்படம் என்று அர்த்தம். அன்றைக்குத் தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தப்பிக்க வழியே இல்லை.

பட்டர்வொர்த்தில் இருந்த வீட்டுக்குத் திரும்பும் ஃபெரிப் படகில் நின்றபடி யோசித்தேன். இது பெரும்பாலும் தாம்பத்தியத்தில் ஒட்டிக்கொள்ளும் வைரஸ். என் கணவரைத் தவிர வேறு ஆணை நான் தொட்டதில்லை. அப்படியென்றால்? அவர் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக். இயந்திரம் பொருத்த அவ்வப்போது ஈப்போவுக்குப் போய்த் தங்கிவிட்டு வருவார். அந்த ஈப்போ பயணங்கள் எல்லாம் திடீரென்று எனக்கு வேறு மாதிரித் தெரியத் தொடங்கின. கரை வந்து சேர்வதற்குள் அவருக்கு அங்கே ஒரு குடும்பத்தையே அமைத்துக் கொடுத்துவிட்டேன்.

அன்றிரவு அவர் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன்.

"எனக்குக் கேன்சர் வர்ற வைரஸ் இருக்காம். புருஷன்கிட்ட இருந்து வர்றதுலா இது. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

அவர் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடியே இருந்தார். பிறகு எழுந்து கை கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். அதை நான் ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வீட்டில் பாத்திரங்கள்தான் அவரோடு பேசின.

மறுபடி ஓட்டிய ஜெல்லை எங்கள் மூத்த டெக்னீசியன் அண்ணனும் நானும் சேர்ந்து பார்த்தோம். என் கோடு இருந்தது. பக்கத்து மாதிரிக்கும் ஒரு கோடு இருந்தது. அதற்கும் பக்கத்தில், தண்ணீருக்கும் ஒரு கோடு. வகை பிரித்துப் பார்த்தால் தண்ணீருக்கும் பதினாறு.

"அட, தண்ணிக்குமா?" என்றார் அண்ணன். "தண்ணிக்கு ஏதுலா புருஷன்?"

நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

சோதனை சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, வைரஸ் இருப்பது உறுதியான ஒரு குழாயையும் கூடவே வைப்போம். அது பதினாறாம் வகை. அதன் நகல்தான் எங்கோ கசிந்து எங்கள் குழாய்களில் விழுகிறது என்று டாக்டரம்மா உடனே சொல்லிவிட்டார். ஆனால் எப்படி? மாதிரிகளைத் துளித் துளியாக உறிஞ்சிக் கலக்கும் பிப்பெட்டுகள் உள்ளறையில். நகலெடுத்த பிறகு தொடும் பிப்பெட்டுகள் வெளியறையில். ஒன்று இன்னொன்றின் வாசலை மிதிக்கக் கூடாது என்பது சட்டம். முந்தைய வாரங்களில் ஓட்டியதெல்லாம் சுத்தமாகவே வந்திருந்தது.

உள்ளறைப் பிப்பெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பிடியின் இடுக்கில் காய்ந்த சந்தனம்.

"அண்ணே, ஆயுத பூசைக்கு இதையும் எடுத்தீங்களா?"

"எடுக்காம? இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? எல்லாத்தையும் ஒரே தட்டுல வச்சு, ஒரே ஈரத்துணியால பளபளன்னு தொடச்சுல்ல பொட்டு வச்சேன்."

சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. வெளியறைப் பிப்பெட்டுகளில் ஒட்டியிருந்த கோடிக்கணக்கான நகல்களை அந்த ஒரே துணி பக்தியோடு உள்ளறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. என் மாதிரியை முதலில் ஓட்டியது பூசைக்கு மறுநாள்தான்; அன்றைக்கு என் குழாயில் விழுந்த துளி தண்ணீர்க் குழாயில் விழவில்லை, அவ்வளவுதான். பூசைச் சுண்டலில் இரண்டு கிண்ணம் சாப்பிட்ட டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

கரைசல்களைக் கொட்டினோம். மேசைகளைக் குளோரின் போட்டுத் துடைத்தோம். உள்ளறைக்குப் புதுப் பிப்பெட்டுகள் வந்தன. பழைய முறையிலும் பொட்டு கறுத்த நோயாளிகளுக்குக் கோடு மறுபடியும் தெரிந்தது. தண்ணீரின் இடம் கோடில்லாமல் இருண்டிருந்தது. என் இடமும் இருண்டிருந்தது. அந்த இருட்டை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ, அண்ணன் வந்து விளக்கை அணைக்கும்வரை நான் நகரவில்லை.

பட்டர்வொர்த் படகுத்துறையில் என் கணவர் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். நான் பேசாமல் இருந்த நாள்களிலும் வரத் தவறியதில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. டெஸ்ட்டுலதான் கோளாறு. திரும்பச் செஞ்சு பார்த்தாச்சு, அந்த வைரஸே இல்ல."

அவர் இன்ஜினை அணைத்தார். ஹேண்டில்மீது தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. சுற்றிலும் ஜனம் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு மனசு தாங்கவில்லை. "உங்களப் போய் சந்தேகப்பட்டுட்டேங்க" என்றேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சந்தேகமா? எதுக்கு?"

"அன்னிக்குக் கேட்டேன்ல, உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமான்னு?"

"நீ கேன்சர்னு சொன்னே" என்றார். "அதுக்கப்புறம் நீ என்ன சொன்னேன்னே எனக்குத் தெரியாதுமா."