டைல்ஸ் வகுப்பறையும் என் தொண்டையும்

குளியலறைக்குக்கூட ஓர் ஆள் உயரம்தான் டைல்ஸ் ஒட்டுவார்கள். எங்கள் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் தரையிலிருந்து தகரக் கூரைவரை ஒட்டினார்கள். ஒட்டியவன் என் மனைவியின் தம்பி. டைல்ஸ் ஊர்க்காரர்கள் தந்த கல்விச்சீர். கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோவதுபோல் மேளம் அடித்து, தலையில் சுமந்து வந்து இறக்கினார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது என் முட்டாள்தனம்.

அந்த அறையில் பென்சில் விழுந்தால் பீரோ விழுந்த சத்தம் கேட்டது. நான் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் நாலு சுவரிலும் மோதி, அடுத்த வார்த்தையின் தலையில் வந்து விழுந்தது. கடைசி பெஞ்சு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் கத்தினேன். ஒரு வருஷம் கத்தினேன்.

கடலூரில் டாக்டர் தொண்டைக்குள் பார்த்தார். "இப்படியே கத்துனீங்கன்னா கொரலு போயிடும் சார். வேற வேல பாத்துக்குங்க." எனக்கு வேறு வேலை தெரியாது. அன்று சிதம்பரம் பஸ்ஸில் தொண்டையை மிச்சம்பிடிக்க, டிக்கெட்டைச் சைகையாலேயே கேட்டேன். கண்டக்டர் என்னை ஊமை என்று நினைத்து, ஒருவரை எழுப்பி ஜன்னல் சீட்டு வாங்கிக் கொடுத்தார். அவமானம்தான். ஆனால் காற்று நன்றாக வந்தது.

"மாமா, முட்ட அட்ட ஒட்டுனா எதிரொலி போயிடுமாம், போன்ல பாத்தேன்" என்றான் மச்சான். சத்துணவு முட்டை வந்த அட்டைகள் மலைபோல் கிடந்தன. ஒரு ஞாயிறு முழுக்க ஒட்டினோம். சத்தம் இம்மியும் குறையவில்லை. எலி வந்தது.

பெற்றோர் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதினேன்: "இந்த வருஷச் சீராக மெத்தையும் ஜமுக்காளமும் வேண்டும்."

"இன்னா சார், பாடம் நடத்தவா, படுத்துத் தூங்கவா?" என்றார் ஒரு அம்மா. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கோபத்தில் அவரையே கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னேன். அவர் மகளை முன்னால் நிறுத்தி வாசிக்க வைத்தேன். மற்ற பிள்ளைகளை வழக்கம்போல் பேசச் சொன்னேன். அதற்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா எழுந்துவிட்டார். "எம் பொண்ணு இன்னா படிக்கிதுன்னே புரியலியே!" "சத்தத்தை உறிஞ்சத்தான் மெத்தை, சுவரில் மாட்ட" என்று பலகையில் எழுதினேன்.

அடுத்த வாரம் சீர் வந்தது. முன்னால் மேளம், பின்னால் தென்னைநார் மெத்தைகள், கோடு போட்ட ஜமுக்காளங்கள், பழைய போர்வைகள். டீக்கடையிலிருந்து ஒருவர் கூவினார்: "வாத்தியாருக்கு ரெண்டாங் கல்யாணமா?" மேளக்காரர் அதைக் கேட்டு அடியை இன்னும் வேகமாக்கினார். நானும் ஆடினேன். ஐம்பது வயதில் மெத்தைக்கு முன்னால் ஆடினேன்.

மெத்தைகளை மரச்சட்டத்தில் வைத்து, போர்வை சுற்றி, சுவரில் மாட்டினோம். ஜமுக்காளங்களைத் தகரத்துக்குக் கீழே கட்டினோம். தன் டைல்ஸில் தானே துளை போடும்போது மச்சான் கண்ணை மூடிக்கொண்டான். "ஒண்ணொண்ணும் லெவல் பாத்து ஒட்டுனது மாமா. நெஞ்சு வலிக்கிது."

"எனக்குத் தொண்டை வலிக்குது. போடு."

திங்கட்கிழமை உள்ளே போய்க் கைதட்டினேன். தட்டியது தட்டிய இடத்திலேயே நின்றது. பிள்ளைகளும் தட்டிப் பார்த்தார்கள், மேஜையில் குத்தினார்கள், ஊளையிட்டார்கள். எதுவும் திரும்பி வரவில்லை. நான் கத்தாமல், டீ கேட்கும் குரலில் பாடத்தைத் தொடங்கினேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கிசுகிசுப்பு. "டேய், தகர டப்பா இன்னிக்கு மெதுவா பேசுதுடா."

ஒரு வருஷமாக எனக்கு அந்தப் பெயர் இருந்திருக்கிறது. அன்றுதான் காதில் விழுந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு, குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல் சொன்னேன்:

"தகர டப்பாவுக்கு எல்லாம் கேக்குது. கணக்கு நோட்ட எடு."

கடைசி பெஞ்சு முழுக்க நோட்டை எடுத்தது.